நிறுத்தாத மருந்து

என் சித்தி மகள் போனில் பொரிந்து தள்ளினாள். அவளுடைய பையனுக்கு ஒன்றரை வயது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் தண்ணீராகப் போயிருக்கிறது, கூடவே வாந்தி. விடிந்ததும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அவர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார், வாய்க்குள் பார்த்தார், அழுதால் கண்ணீர் வருகிறதா, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனான் என்றெல்லாம் கேட்டார். அப்புறம் ஓஆர்எஸ் பாக்கெட்டுகளை எழுதிக்கொடுத்து, எப்படிக் கரைப்பது, எப்படிப் புகட்டுவது என்று நிதானமாகச் சொல்லி அனுப்பிவிட்டார். "மருந்தே தரலைக்கா. உப்பும் சக்கரையும் போட்ட தண்ணியக் குடுன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு டாக்டர்?" என்றாள். மறுநாள் சாயங்காலமே வேறு டாக்டரிடம் போய்விட்டாள். அங்கே ஒரு ஆன்டிபயாட்டிக் சிரப், வாந்திக்கு ஒரு மருந்து, வயிற்றுக்கு ஒரு பொடி. அடுத்த ரெண்டொரு நாளில் பேதி நின்றது. "பாத்தியா, டாக்டர்னா இவரு" என்று முடித்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை தேறிவிட்டான், அந்த நேரத்தில் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? ஆனால் அவள் சொன்னது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அவள் படித்தவள், விவரமானவள். அவள் கண்ணால் பார்த்தது எதுவும் பொய்யில்லை. முதல் டாக்டர் சொன்னதைக் கொடுத்தாள், பேதி நிற்கவில்லை. இரண்டாவது டாக்டர் சொன்னதைக் கொடுத்தாள், நின்றது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் யாராக இருந்தாலும் அதே முடிவுக்குத்தான் வருவார்கள். அவள் கண்ணுக்குப் படாதது வேறு இரண்டு. சின்னக் குழந்தைகளுக்கு வரும் பேதியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, சில நாட்களில் தாமாகவே அடங்கிவிடுபவை. அந்தச் சில நாட்களைக் குழந்தை கடப்பதற்கு வழி செய்தது அவளே ராத்திரியெல்லாம் கண்விழித்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டிய அந்தத் "தண்ணி". நோய் தானாக ஓய்கிற நேரத்தில் யார் கடைசியாக மருந்து எழுதினாரோ அவருக்குப் பெயர் போய்விடுகிறது. ஓஆர்எஸ்ஸுக்கு அந்தப் பெயர் ஒருநாளும் கிடைக்காது, ஏனென்றால் அது பேதியை நிறுத்துவதே இல்லை.

யோசிக்க யோசிக்க, உலகக் குழந்தைகள் நலத்தின் பாதிப் பிரச்சினை இந்தச் சின்னக் கதைக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. 1980களின் தொடக்கத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 46 லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. இன்று அது 4 லட்சத்து 40 ஆயிரம் சொச்சம். பெரிய இறக்கம்தான். நல்ல தண்ணீர், கழிப்பறை, தட்டம்மைத் தடுப்பூசி, ரோட்டா வைரஸ் தடுப்பூசி என்று பலதுக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் ஓஆர்எஸ்ஸின் பங்கு மிகப் பெரியது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சரி, மிச்சமிருக்கும் நாலரை லட்சம்? அவர்களைக் காப்பாற்றப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பாக்கெட் இருக்கிறது. ஆனால் பேதி கண்ட குழந்தைகளில் அது கிடைப்பது உலக அளவில் பாதிப் பேருக்கும் குறைவாகத்தான்.

கேம்ப்பில் நடந்தது

பேதியில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் கிருமி இல்லை, உடம்பிலிருந்து போய்விடும் நீரும் உப்பும்தான். காலரா முற்றினால் வளர்ந்த ஆளுக்கே மணிக்கு ஒரு லிட்டர் வரை வெளியேறும். காலையில் நன்றாக நடமாடியவர் ராத்திரிக்குள் போய்விடலாம். போனதைத் திருப்பிக் கொடுத்தால் பிழைப்பார்கள் என்று 1832இலேயே தாமஸ் லாட்டா என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் ரத்தக்குழாய் வழியாக உப்புநீர் ஏற்றிக் காட்டிவிட்டார். ஆனால் அதற்கு ஊசி வேண்டும், சுத்தமான பாட்டில் வேண்டும், ஏற்றத் தெரிந்த கை வேண்டும். வாய்வழியாகக் கொடுத்தாலோ, வெறும் தண்ணீரும் உப்பும் குடலில் தங்காமல் ஓடிவிடும். 1960இல் ராபர்ட் கிரேன் என்பவர் ஒன்றைச் சொன்னார்: குடல் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாகத்தான் உள்ளே இழுத்துக்கொள்கிறது. அவை போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். காலரா நஞ்சு குடலில் என்னென்னவோ செய்தாலும் இந்த ஜோடி வழியை மட்டும் கெடுப்பதில்லை. டாக்காவில் இருந்த காலரா ஆய்வுக்கூடத்தில் 1968இல் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் இதை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தபோது, ரத்தக்குழாயில் ஏற்றவேண்டிய திரவத்தின் தேவை எண்பது விழுக்காடு அளவுக்குக் குறைந்தது.

ஆஸ்பத்திரிக்குள் நடந்த அந்தச் சோதனை வெளியுலகத்தில் செல்லுபடியாகும் என்று நம்பியவர்கள் அப்போது கொஞ்சம் பேர்தான். 1971இல் வங்கதேசப் போர் வந்தது. எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. போங்காவ் என்ற மேற்கு வங்க எல்லையோர ஊர் ஆஸ்பத்திரிக்கு திலீப் மஹலநாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் போனபோது நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். டிரிப்ஸ் போடுவதற்கு மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட வேண்டியிருந்தது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அவர் கல்கத்தாவில் ஒரு நூலக அறையை எடுத்துக்கொண்டு, லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் பொட்டலம் போடச் செய்தார். கேம்ப்பில் அதை டிரம்மில் கரைத்து, குழாய் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே புகட்டும் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு அவர் கவனிப்பில் இருந்தவர்களிடையே 3.6 விழுக்காடாக இறங்கியது.

இந்தக் கதையைப் படிப்பவர்கள் எல்லாரும் அந்த எண்ணில் போய் நிற்பார்கள். நான் நிற்பது வேறு இடத்தில். அங்கே யாரும் "இது மருந்தா?" என்று கேட்கவில்லை. கேட்பதற்கு வழியில்லை. ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கானோர் கிடந்த இடத்தில், குடித்தவர் எழுந்து உட்காருவதையும் பக்கத்துப் பாயில் இருந்தவர் போய்விட்டதையும் எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். காலராவில் வித்தியாசம் சில மணி நேரத்தில் முகத்திலேயே தெரியும். ஒட்டிப்போன கண் திரும்பும், குரல் திரும்பும். ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கு வரும் சாதாரணப் பேதியில் அப்படி ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. குழந்தை சோர்ந்து போகாமல் இருக்கிறது, அவ்வளவுதான். சோர்ந்து போகாததை யார் மருந்தின் கணக்கில் எழுதுவார்கள்? 1978இல் லான்செட் மருத்துவ இதழ் இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று தலையங்கம் எழுதியது. மஹலநாபிஸுக்கு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது 2023இல். அவர் 2022 அக்டோபரிலேயே காலமாகிவிட்டார்.

நிறுத்துவதில் இருக்கும் ஆசை

குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஓஆர்எஸ் புகட்டுவது என்றால் என்னவென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் 50 முதல் 100 மில்லி கொடுக்க வேண்டும். கடகடவென்று குடிக்க வைத்தால் வாந்தி வரும். அதனால் ஒரு தேக்கரண்டி, ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து இன்னொரு தேக்கரண்டி. வாந்தி எடுத்துவிட்டால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக. தேக்கரண்டிக்கு ஐந்து மில்லி என்றால் நூறு மில்லி உள்ளே போக இருபது கரண்டி, அரைமணி நேரம். அந்த அரைமணி முடிவதற்குள் மறுபடி போய்விடும். குழந்தை தலையைத் திருப்பும், கரண்டியைத் தட்டிவிடும், சட்டையெல்லாம் பிசுபிசுக்கும். அடியில் ஓட்டை உள்ள பானையில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை இது. ஓட்டை தானாக அடையும் வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதை ராத்திரி மூன்று மணிக்குத் தனியாக உட்கார்ந்து செய்துகொண்டிருக்கும் ஒருத்தி, "நிறுத்தறதுக்கு ஒரு மருந்து தரமாட்டாங்களா?" என்று நினைத்தால் அதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நிறுத்தும் மருந்துகளும் இருக்கத்தான் செய்கின்றன. சிக்கலே அதுதான். லோப்பரமைடு குடலின் அசைவைக் குறைத்துப் பேதியை நிறுத்தும். பெரியவர்கள் பயணத்தில் போட்டுக்கொள்ளும் மாத்திரை. சின்னக் குழந்தைக்குக் கொடுத்தால் குடல் அசைவே நின்று வயிறு உப்பிவிடும், சுவாசமும் தளரக்கூடும். வெளியே போவது நின்றதைப் பார்த்து வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருக்க, உள்ளே குழந்தை நீரை இழந்துகொண்டுதான் இருக்கும், என்ன, அது வயிற்றுக்குள்ளேயே தேங்கும். பாகிஸ்தானில் குழந்தைகள் இறந்ததாகச் செய்திகள் வந்த பிறகு 1990இல் இதன் சொட்டு மருந்து அங்கே சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆன்டிபயாட்டிக் அந்த அளவுக்குப் பயங்கரம் இல்லைதான். ரத்தம் கலந்து போனாலோ, கடுமையான காலரா என்று சந்தேகம் வந்தாலோ அது தேவைப்படும். மற்றபடி ரோட்டா வைரஸை அது தொடக்கூடத் தொடாது, சில சமயம் அதுவே பேதியைக் கிளப்பியும் விடும்.

விஞ்ஞானிகளுக்கும் இந்த ஆசை இல்லாமல் இல்லை. பழைய ஓஆர்எஸ்ஸில் உப்பும் குளுக்கோஸும் கொஞ்சம் அதிகம். இரண்டையும் குறைத்துப் பார்த்தபோது பேதியின் அளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, வாந்தியும் குறைந்தது, டிரிப்ஸ் தேவைப்படுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் புதிய கலவைக்கு மாறியது. இப்போது நாம் வாங்கும் பாக்கெட் அதுதான். சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதில் வெளியே விடும், பேதி அதிகமாகும். இந்த அடிப்படை விஷயம் தெரிந்தும் "ஓஆர்எஸ்" என்ற எழுத்துகளைப் பெட்டியில் போட்டு இனிப்புப் பானம் விற்றவர்கள் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் அதற்குத் தடை போட்டது.

சொல்லிக் கொடுத்தவர்களே நம்பவில்லை

மக்களுக்குத் தெரியவில்லை, தெரிந்துவிட்டால் செய்வார்கள் என்பது இந்தத் துறையின் பழைய நம்பிக்கை. அதை வேறு யாரையும் விடத் தீவிரமாகச் சோதித்துப் பார்த்தது வங்கதேசத்தின் பிராக் அமைப்பு. ஃபஸ்லே ஹசன் அபேத் தொடங்கியது. 1980இலிருந்து பத்து ஆண்டுகள் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று அம்மாக்களுக்கு வாய்வழியே சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். ஊழியர்களின் சம்பளத்தை வீட்டு எண்ணிக்கையோடு கட்டவில்லை. கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் போய்ச் சில வீடுகளில் அம்மாக்களைக் கேள்வி கேட்பார். அம்மாவுக்கு எத்தனை விஷயம் ஞாபகம் இருக்கிறதோ அதற்கு ஏற்பத்தான் சொல்லிக் கொடுத்தவருக்குச் சம்பளம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் வைக்கத் துணியாத திட்டம்!

ஆரம்பத்தில் முடிவுகள் அபாரமாக இருந்தன. அநேகமாக எல்லா அம்மாக்களும் கரைசலைச் சரியாகத் தயாரித்துக் காட்டினார்கள். ஆனால் வீட்டில் பேதி வந்தபோது அதைக் கொடுத்தார்களா என்று பார்த்தால், பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. தெரிந்திருக்கிறது, செய்யவில்லை. ஏன் என்று தோண்டியபோது வெளிவந்தது இதுதான்: சொல்லிக் கொடுக்கப் போன ஊழியர்களிலேயே பலர் தங்களுக்கோ தங்கள் குழந்தைக்கோ பேதி என்றால் மாத்திரைதான் போட்டுக்கொண்டார்கள். உள்ளூர அவர்களுக்கே இதில் நம்பிக்கை இல்லை. அது கேட்பவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அப்புறம் ஊழியர்களை டாக்கா ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போய், கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று நேரில் காட்டினார்கள். ஆண்களைச் சந்தையிலும் மசூதியிலும் கூட்டி வைத்துப் பேசினார்கள், ஏனென்றால் மருந்துக்குக் காசு எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள். ஊழியர் செய்து காட்ட அம்மா பார்ப்பது என்றிருந்ததை மாற்றி, அம்மா செய்ய ஊழியர் பார்ப்பது என்று வைத்தார்கள். பயன்பாடு ஏறியது. ஓஆர்எஸ் பயன்பாட்டில் இன்று உலகத்திலேயே முன்வரிசையில் இருக்கும் நாடுகளில் ஒன்று வங்கதேசம்.

பிராக் கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் டாக்டர் இல்லை. சித்தி மகளின் கதையில் இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள், இருவருமே ஓஆர்எஸ் எதற்கு என்று கல்லூரியிலேயே படித்தவர்கள். இரண்டாமவருக்குத் தெரியாது என்று சொன்னால் நம்ப முடியுமா?

யார் யாருக்காக

குழந்தை மருத்துவரான என் சிநேகிதியிடம் இதைக் கேட்டேன். சிரித்தாள். "தெரியாம இல்லடி. ஓஆர்எஸ் மட்டும் எழுதினா அடுத்த தடவ வேற இடத்துக்குப் போயிடுவாங்க. அவங்க மருந்துக்காகத்தான வர்றாங்க. கூட ஒரு பாட்டில் இருந்தாதான் அவங்களுக்குத் திருப்தி" என்றாள். கடை வைத்திருப்பவர்கள் லாபத்துக்காக மற்ற மருந்தைத் தள்ளிவிடுகிறார்கள், கிராமத்து மருத்துவர்களிடம் பாக்கெட் கையிருப்பே இருப்பதில்லை என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களையும் சேர்த்துக்கொண்டாள். எல்லாமே நியாயமாகத்தான் பட்டது. சித்தி மகளே அதற்குச் சாட்சி.

2024 பிப்ரவரியில் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வைப் படித்த பிறகு அந்த நியாயம் ஆட்டம் கண்டது. ஸாக்கரி வாக்னரும் அவருடைய கூட்டாளிகளும் கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 ஊர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் பயிற்சி கொடுத்த நடிகர்களை அனுப்பினார்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேதி, மருந்து வேண்டும் என்று கேட்பதுதான் அவர்கள் வேலை. எதிரே இருப்பவருக்கு இது நாடகம் என்று தெரியாது. சிலர் எதுவும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. சிலர் ஓஆர்எஸ் வேண்டும் என்றார்கள், சிலர் ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்றார்கள். இன்னும் சிலர், மருந்தை வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறோம், நீங்கள் எழுதி மட்டும் கொடுங்கள் என்றார்கள். லாபம் ஒரு காரணமா என்று கண்டுபிடிக்க அந்தத் தந்திரம். பாதி ஊர்களில் இருந்தவர்களுக்கு முன்கூட்டியே ஓஆர்எஸ் பாக்கெட்டுகளைக் கொடுத்தும் வைத்தார்கள்.

ஓஆர்எஸ் எழுதாமல் விடுவதற்கு லாபம் ஒரு காரணம்தான், ஆனால் அதன் பங்கு 5 விழுக்காடு. கையிருப்பு இல்லாமை 6 விழுக்காடு. நோயாளிக்கு ஓஆர்எஸ்ஸில் விருப்பம் இல்லை என்று எழுதுபவர் தாமாக நினைத்துக்கொள்வது 42 விழுக்காடு. "ஓஆர்எஸ் வேண்டும்" என்று கேட்டவர்களுக்கு அது கிடைப்பது, எதுவும் சொல்லாதவர்களைவிட 27 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியது. ஒரே ஒரு வாக்கியம். தவிர, நிஜமாக வீடு வீடாகப் போய்ப் பெற்றோரைக் கேட்டபோது, மருத்துவர்கள் நினைத்த அளவுக்கு அவர்கள் ஓஆர்எஸ்ஸை வெறுக்கவும் இல்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதைச் சொல்வதில்லை. டாக்டருக்குத் தெரியாதா என்று விட்டுவிடுகிறார்கள். அவரோ இவர்களுக்குப் பிடிக்காது என்று விட்டுவிடுகிறார். மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவர் மனதை ஒருவர் ஊகித்து, இருவருக்குமே உபயோகமில்லாத ஒரு சிரப்பில் வந்து முடிகிறது.

என் சிநேகிதிக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. "நடிகர்களா? என் கிளினிக்ல வந்து ஒரு நாள் உக்காரு" என்றாள். அவள் கோபத்திலும் விஷயம் இருக்கிறது. 42 விழுக்காடு என்றால் மிச்சம் பாதிக்கு மேல் வேறு காரணங்கள். என் சித்தி மகளைப் போல நிஜமாகவே திருப்தியில்லாமல் எழுந்து போகிறவர்களும் உண்டு, அவர்களில் ஒருத்தி போனால் மறக்காது, திருப்தியாகப் போகும் பத்துப் பேர் ஞாபகத்தில் நிற்க மாட்டார்கள். மருத்துவரின் ஊகம் காற்றில் முளைத்தது இல்லை. ஆனாலும் இதைப் படித்த பிறகு, "மக்கள் அறியாமை" என்று யாராவது மேடையில் ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

பொட்டலத்தின் அளவுகூட ஒரு விஷயம்தான். ஜாம்பியாவில் சைமன் பெர்ரி என்பவர், கோக்கோ கோலா போகாத கிராமம் கிடையாது, அந்த கிரேட்டின் பாட்டில்களுக்கு இடையில் இருக்கும் இடுக்கில் ஓஆர்எஸ்ஸைச் செருகி அனுப்பினால் என்ன என்று கேட்டார். உலகம் முழுக்கக் கைதட்டியது, விருதெல்லாம் வந்தது. நடைமுறையில் கிரேட்டுக்குள் வைத்துக் கொண்டுபோன கடைக்காரர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் சைக்கிளிலோ பையிலோ போட்டுக்கொண்டு போனார்கள். ஆனாலும் திட்டம் ஜெயித்தது. காரணம் கிரேட் இல்லை. ஒரு லிட்டர் பாக்கெட் ஒரு குழந்தைக்கு அதிகம், வீட்டில் ஒரு லிட்டரை அளக்கச் சரியான பாத்திரமும் இருக்காது. அவர்கள் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட் போட்டார்கள், அது வந்த டப்பாவே அளவுக் குவளையாகவும் கரைக்கும் பாத்திரமாகவும் இருந்தது. கடைக்காரருக்கும் கொஞ்சம் லாபம் வைத்தார்கள். கைதட்டல் வாங்கிய யோசனை ஒன்று, வேலை செய்த யோசனை இன்னொன்று. உகாண்டாவில் இன்னும் நேராகப் போனார்கள்: பேதி வருவதற்கு முன்பே சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டில் இலவசமாகப் பாக்கெட்டைக் கொடுத்து வைத்தார்கள். ஓஆர்எஸ் பெற்ற குழந்தைகளின் விகிதம் வழக்கம்போல விட்ட இடங்களில் 56 விழுக்காடு, இங்கே 77. மேஜையும் இல்லை, ஊகமும் இல்லை. இப்படி வீட்டு வாசல் வரை போகிற ஊழியர்களின் பல திட்டங்களுக்குப் பின்னால் இருந்தது வெளிநாட்டு உதவிப் பணம். 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டையே இழுத்து மூடிவிட்டது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு வேறு எங்கோ போய்விடும்.

சிநேகிதியின் "கூட ஒரு பாட்டில்" வாதத்துக்குத்தான் திரும்ப வேண்டும், ஏனென்றால் அதற்கு ஒரு நேர்மையான பதில் இருக்கிறது. துத்தநாகம். 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து, பேதி கண்ட குழந்தைக்கு ஓஆர்எஸ்ஸோடு துத்தநாகமும் கொடுக்கச் சொன்னார்கள். தினமும் 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்குக் கீழே 10 மில்லிகிராம், பத்து முதல் பதினான்கு நாள் என்பது அப்போது சொன்ன அளவு. சிரப்பாகவும் வரும், தண்ணீரில் கரையும் மாத்திரையாகவும் வரும். பேதியின் நாட்களை அது ஓரளவு குறைக்கிறது. வங்கதேசத்தில் இதைக் கிராமங்களில் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்க்காத ஒன்று நடந்தது: துத்தநாகம் கொடுத்த கிராமங்களில் ஓஆர்எஸ் பயன்பாடு கூடியது, ஆன்டிபயாட்டிக் குறைந்தது. அம்மாக்கள் கையில் மருந்து என்று சொல்லக்கூடிய ஒன்று இருந்தது. 2019இல் ஓஆர்எஸ்ஸும் துத்தநாகமும் ஒரே பெட்டியில் இருக்கும் ஜோடி, அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்ந்தது.

இதைச் சொன்னதும் சிநேகிதி, "அதத்தான நானும் எழுதறேன்" என்றாள். அவளுடைய தலைவலி வேறு. பேதி ரெண்டு மூன்று நாளில் நின்றுவிடும், துத்தநாகத்தையோ மொத்தம் பதினான்கு நாள் கொடுக்க வேண்டும், பலன் முழுதாகக் கிடைப்பது அப்போதுதான். நின்ற பிறகு யாரும் கொடுப்பதில்லை. மருந்துச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிப் பார்த்தாளாம், கேட்கவில்லை. இப்போது சிரப்பை விட்டுவிட்டுப் பதினான்கு மாத்திரை அட்டையாகத்தான் எழுதுகிறாள், காலி அட்டையைக் கொண்டுவந்து காட்டச் சொல்கிறாள். பாதிப் பேர் கொண்டுவருகிறார்கள் என்றாள்.